டரான்டுலா கடித்தால் என்ன ஆகும்?

டரான்டுலா கடித்தால் உயிர் போய்விடும் என்று எங்கள் பர்கூர்ப் பக்கம் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அதன் விஷத்தால் மனிதர் இறந்ததாக உறுதியான மருத்துவப் பதிவு இல்லை. அதற்காக அலட்சியமும் கூடாது.

அமெரிக்கக் கண்ட டரான்டுலாக்கள் பல, வயிற்றிலுள்ள அரிப்பு முடிகளை உதிர்த்துத் தப்பிக்கும். கடித்தாலும் தேனீ கொட்டிய மாதிரிதான். நம்ம ஊர் மரப்பொந்துகளில் வாழும் பொயிசிலோதீரியா வகைக்கு அந்த முடி கிடையாது. வேகமும் கடியும்தான் அதன் ஆயுதம். அதில் ரெகாலிஸ் என்ற இனத்துக்கு, அரக்கோணத்தில் கிடைத்த சிலந்தியை வைத்து 1899-இல் போகாக் பெயரிட்டார். இன்று ஐரோப்பாவில் அதை வீட்டில் வளர்க்கிறார்கள், கடியும் வாங்குகிறார்கள். முதலில் வலி, வீக்கம். பல மணி நேரம் கழித்துத்தான் தசைப்பிடிப்பு வரும். சிலருக்கு ஒரு வாரம் தாண்டியும் நீடிக்கும்.

கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். இதற்கு முறிமருந்து இல்லை. வலிக்கும் பிடிப்புக்கும்தான் வைத்தியம். வலி குறைஞ்சிடுச்சேன்னு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

முக்கியமாக, பொந்தில் கைவிட்டு, கடித்தது எதுன்னு பார்க்கலைன்னா, சிலந்தின்னு நினைக்காதீங்க. பாம்புக்கடி என்றே எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.