கரையில் கட்டிய படகும் நமது காத்திருப்பும்

ஆடி, ஆவணி மாதங்களில் ஊவா மலைகளில் வறண்ட கச்சான் காற்று வீசும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, ஈரமற்ற காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. இந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்குப் பேர்போன வாசனை ஏறுகிறது. அதே காற்றில் கொழுந்து குறைகிறது, தோட்டத்தில் வேலை நாள் குறைகிறது, ஓடைகள் மெலிகின்றன.

இதே வறட்சிக் காலத்தில், மலைக்குக் கிழக்கேயுள்ள சேனாநாயக்க சமுத்திரத்தில் உல்லாசப் பயணிகள் படகைக் கரையோரம் நிறுத்திவிட்டு ஓய்வாக இருப்பதைக் காணலாம். அந்த நீரின் கதை நமக்குத் தொடர்பில்லாத கதை அன்று.

நீர் எங்கிருந்து வருகிறது?

தமிழில் பட்டிப்பளை ஆறு எனப்படும் கல்லோயா, பதுளைக்குக் கிழக்கே மடுல்சீமை மலைப்பகுதியில் பிறக்கிறது. தேயிலை மலைகளில் பெய்யும் மழையும் இந்த ஆற்றோடு சேர்ந்து கிழக்கே போகிறது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் ஆற்றுக்குக் குறுக்கே அணை எழுந்தது. 1950களின் தொடக்கத்தில் நீர் தேங்கியது. முதல் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்காவின் பெயரை நீர்த்தேக்கம் தாங்கியது.

கீழே வயல்கள் திறக்கப்பட்டன. பல பகுதிகளிலிருந்து குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. மேலேயோ, வேட்டையாடியும் சேனை செய்தும் வாழ்ந்த வேடர் குடும்பங்களின் நிலம் நீருக்குள் போனது. 1954இல் சுற்றியிருந்த காடு தேசிய பூங்காவானது; வேட்டைக்கும் தடை வந்தது. மொனராகலை மாவட்டத்து ரத்துகலையில் வேடர் பரம்பரையினர் இன்றும் வாழ்கின்றனர். 1956 யூன் மாதத்தில் இதே கல்லோயாக் குடியேற்றத்தில் நடந்த இன வன்செயலில் தமிழர்கள் கொல்லப்பட்டனர். பலர் ஊரை விட்டு ஓடினர். ஒரே அணை சிலருக்கு நிலம் தந்தது, வேறு சிலரிடமிருந்து நிலத்தை எடுத்தது.

படகு ஏன் நிற்கிறது?

சித்திரை முதல் சிறுபோகத்துக்காக நீர் திறந்து விடப்படுகிறது. பெருமழை ஐப்பசிக்குப் பிறகுதான் வரும். ஆகவே இடைப்பட்ட மாதங்களில் நீர்மட்டம் படிப்படியாக இறங்குகிறது. நீர் வற்றிய ஈரச் சேற்றில் புதுப் புல் முளைக்கிறது. அந்தப் புல்லுக்காகக் காலையிலும் மாலையிலும் யானைகள் கரைக்கு வருகின்றன; ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு நீந்தியும் போகின்றன. இயந்திரச் சத்தம் கேட்டால் அவை விலகிவிடும். அதனால்தான் படகோட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறான். நடுப்பகல் வெயிலில் விலங்குகளும் மனிதரும் நிழலில் ஒதுங்குகின்றனர்.

ஓய்வும் காத்திருப்பும்

படகில் இருப்பவரும் சும்மா இருக்கிறார். முகாமிலோ உறவினர் வீட்டுத் திண்ணையிலோ இருக்கும் நம் விவசாயியும் சும்மா இருக்கிறார். இரண்டும் ஒன்றா? படகுக்காரர் விரும்பியபோது கயிற்றை அவிழ்த்துப் புறப்படலாம். இடம்பெயர்ந்தவரின் கயிறு வேறொருவர் கையில் இருக்கிறது: காணி எப்போது, வீடு எப்போது, திரும்புவது எப்போது என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. எனவே, "வேலையின்றி நன்றாக ஓய்வெடுக்கிறார்கள்" என்று யாராவது சொன்னால் நாம் அதை ஏற்கக்கூடாது. வேலை நாள் குறைந்த தோட்டத் தொழிலாளிக்கும் இது பொருந்தும். உழைப்பும் கூலியும் உறுதியாக உள்ளவருக்கே ஓய்வு இனிக்கும்.

நாம் செய்யக்கூடியவை

நீர்த்தேக்கத்துக்கு அருகே குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் அந்த நீரிலிருந்து பிழைக்க வழி உண்டு. 1952இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீன் இன்று குளங்களின் முக்கிய மீனாக உள்ளது. 1990 முதல் 1994 வரை நன்னீர் மீன்பிடிக்கு அரச ஆதரவு நிறுத்தப்பட்டிருந்தது. பின்னர் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நக்டா எனப்படும் நன்னீர் மீன்வளர்ப்பு அதிகார சபை உருவானது.

ஆகவே முதலில், உங்கள் குளத்தில் மீனவர் சங்கம் உண்டா என விசாரியுங்கள்; உண்டானால் குடும்பத்தில் ஒருவராவது அங்கத்தவராகுங்கள். உத்தரவுப் பத்திரமின்றி வலை வீச வேண்டாம். சிறுகண் வலை நாளைய மீனையும் அழிக்கும். உல்லாசப் படகுச் சேவை நடக்கும் இடங்களில், படகோட்டி, வழிகாட்டி வேலைகளில் உள்ளூர் இளைஞருக்கு இடம் கேளுங்கள். தனியாகக் கேட்பதைவிடச் சங்கமாக, எழுத்தில் கேட்டு, கடிதத்தின் பிரதியைக் கையில் வைத்திருங்கள். பிள்ளைகள் படகில் ஏறும்போது உயிர்காப்பு அங்கி அணிந்திருப்பதைப் பாருங்கள். மலையில் வளர்ந்த பலருக்கு நீச்சல் தெரியாது.

கிடைக்கும் ஒரு ஞாயிறு மாலையில் குடும்பத்தோடு குளக்கரையில் போய் இருங்கள். அந்தத் தண்ணீரில் நம் மலையின் மழையும் கலந்திருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதன் அடியில் யாருடைய நிலம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.