தலைநகர் வகுப்பறைகள் – 9: மதிப்பெண் மட்டும்தானா காரணம்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் முருங்கைக்காயும் வாழைப்பூவும் குவித்த கடை, மீன் கடை, மூங்கில் குருத்தும் ராஜா மிளகாயும் விற்கும் கடை என்று வரிசையாக வரும். லட்சுமிபாய் நகர் தமிழ்க் குடும்பங்களும், ஹுமாயூன்பூர், முனிர்க்கா பக்கம் அறை எடுத்துத் தங்கும் மணிப்பூர், நாகாலாந்துப் பிள்ளைகளும் ஒரே சந்தில் இடித்துக்கொண்டு பை நிரப்புகிறார்கள்.

இந்த மூங்கில் குருத்துக்கு ஒரு போலீஸ் வரலாறு உண்டு. 2007இல் டெல்லி காவல்துறை வடகிழக்கு மாணவர்களுக்காக ஒரு பாதுகாப்புக் கையேடு போட்டது. மூங்கில் குருத்து, அக்குனி (புளிக்க வைத்த சோயா) போன்ற வாடை வீசும் பண்டங்களை அக்கம்பக்கத்தில் ரகளை வராதபடி சமைத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் ஓர் அறிவுரை. அதாவது, மூக்கைப் பொத்துகிறவருக்கு அல்ல, சமைக்கிறவருக்குத்தான் பாடம்!

ஏழு ஆண்டு கழித்து, 2014 ஜனவரியில், அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா லாஜ்பத் நகரில் தலைமுடியைக் கேலி செய்தவர்களைத் தட்டிக்கேட்டு, அடி வாங்கி, இறந்தார். அதன் பிறகு அமைக்கப்பட்ட பெஸ்பருவா குழு, வடகிழக்கின் வரலாற்றைப் பள்ளிப் பாடத்தில் சேர்க்கச் சொன்னது. கேலி வகுப்பறையில்தான் பழகுகிறது என்பது அந்தக் குழுவுக்குத் தெரிந்திருந்தது. வடகிழக்கினரைச் சீண்டும் ‘சிங்கி’, தென்னிந்தியரைச் சீண்டும் ‘மதராசி’ எல்லாம் கடைத்தெருவில் திடீரென்று முளைத்த வார்த்தைகள் அல்ல.

மாணவர் தற்கொலைத் தடுப்பு என்று வரும்போது மட்டும் இந்தக் கேலி யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. தேர்வு பயம், பெற்றோரின் நெருக்கடி, செல்போன் என்று மூன்றையும் பேசிவிட்டுக் கூட்டம் கலைந்துவிடும். 2022இல் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. அதன் அட்டவணைகளில் வயது, படிப்பு, தொழில், திருமண நிலை எல்லாம் உண்டு. சாதிக்கோ பழங்குடிக்கோ கட்டம் கிடையாது. நாடாளுமன்றத்தில் கேட்டபோதுதான் ஒரு மூலை வெளிச்சத்துக்கு வந்தது. 2014 முதல் 2021 வரை மத்திய உயர்கல்வி நிறுவனங்களில் இப்படி இறந்த 122 பேரில் 24 பேர் பட்டியல் சாதியினர், 3 பேர் பழங்குடியினர், 41 பேர் பிற பிற்படுத்தப்பட்டோர். எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்து இப்படி ஒரு கணக்கும் இல்லை.

ஒரு மரணத்துக்கு ஒற்றைக் காரணம் சொல்வது தவறு. ஆனால் அவமானத்தைக் காரணங்களின் பட்டியலிலேயே சேர்க்காமல் விடுவது அதைவிடப் பெரிய தவறு. ஐ.என்.ஏ.வுக்கு அடுத்த மெட்ரோ நிலையம் எய்ம்ஸ். 2007இல் அறிக்கை தந்த தோரட் குழு அங்கே சாதிப் பாகுபாட்டை விசாரித்தபோது, ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைப்பதில்லை என்று பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் 69 சதவீதம் பேர் சொன்னார்கள். தேர்வில் ஜெயித்து, நாட்டின் முதன்மையான மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த பிள்ளைகள் இவர்கள்.

அமெரிக்காவில் தற்கொலைகளை இன வாரியாகவும் எண்ணுகிறார்கள். 2018க்கும் 2021க்கும் இடையில் 10 முதல் 24 வயது கறுப்பின இளையோரின் தற்கொலை விகிதம் 36.6 சதவீதம் ஏறியது. எண்ணியதால்தான் அந்த ஏற்றம் கண்ணில் பட்டது.

நம்மூரில் என்ன செய்தால் பலிக்கும் என்பதற்கு பீகாரின் நாளந்தா மாவட்டம் ஒரு துப்பு தருகிறது. ‘சேஹர்’ என்ற திட்டத்தை 74 அரசுப் பள்ளிகளில் சோதித்தார்கள். சில பள்ளிகளில் அதை ஆசிரியர்கள் நடத்தினார்கள். சிலவற்றில், பயிற்சி மட்டும் பெற்ற சாதாரண ஆலோசகர்கள் நடத்தினார்கள். சுவர்ப் பத்திரிகை, பிள்ளைகள் மனக்குறையைச் சீட்டில் எழுதிப் போட ஒரு பெட்டி, தனியே உட்கார்ந்து பேச ஓர் இடம் போன்றவைதான் திட்டம். 2018இல் லான்செட்டில் முடிவு வந்தது. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும் சீண்டலும் குறைந்தன. ஆசிரியரே நடத்திய இடங்களில் குறிப்பிடும்படி ஒன்றும் மாறவில்லை. ஆய்வாளர்கள் தற்கொலையையோ சாதிப் பாகுபாட்டையோ அளக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் மார்க் போடுகிறவரிடமே, சில சமயம் பெயர் சொல்லிக் கிண்டலடிப்பவரிடமே, மனக்குறையைச் சொல் என்றால் எந்தப் பிள்ளை சொல்லும்?

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி திறந்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது வேண்டும், விளிம்புநிலைப் பிள்ளைகளிடம் பாகுபாடின்றிப் பழக ஊழியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்றது. தமிழ்நாட்டில், சாதி வன்மத்தில் சக மாணவர்களே ஒரு மாணவரை வெட்டிய நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பின் நீதிபதி சந்துரு குழு, கையில் கட்டும் சாதிக் கயிறு, பள்ளிப் பெயரில் சாதி ஆகியவற்றை நீக்கச் சொன்னதோடு பள்ளி நல அலுவலரையும் பரிந்துரைத்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் பயன். கயிற்றை அறுத்துவிட்டு, கேட்க ஆள் வைக்காவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

பெற்றோர் அடுத்த பள்ளிக் கூட்டத்தில் ஒன்று கேட்கலாம்: ஆலோசகர் யார், அவர் பாடமும் நடத்துகிறாரா? மனம் தளர்ந்திருக்கும் எவரும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.

(தொடரும்)