காரில் சப்வூஃபர் மாத்தப் போறீங்களா... முதல்ல பெட்டியைப் பாருங்க!

கச்சேரி தொடங்கும் முன் மிருதங்க வித்வான் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, இடது பக்கத் தொப்பியின் நடுவில் அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். தோலின் எடை கூடும், அதிர்வு மெதுவாகும், 'தொம்' என்று கனமான நாதம் வரும். பாலக்காடு மணி ஐயரின் குருவான வைத்தியநாத ஐயர் வாழ்ந்த தஞ்சாவூரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கார் டிக்கியில் உறுமும் சப்வூஃபரும் இதே கணக்குதான். கனமான கூம்பு, மெதுவான அதிர்வு. மிருதங்கத்துக்குப் பலாக்கட்டை எப்படியோ, இதற்குக் காற்றை அடைத்து வைக்கும் பெட்டி அப்படி.

போஸ், சோனி, ஹர்மன், ஜேபிஎல் என்று பெயர் பொறித்த ஸ்பீக்கர் செட், இப்போது பல கார்களில் கம்பெனியிலிருந்தே வருகிறது. விலை கூடிய மாடல்களில் சப்வூஃபரும் உண்டு. கொஞ்ச நாள் கேட்டதும், 'இன்னும் அதிரணுமே' என்று ஆசை வரும். அறுவடைப் பணம் கையில் இருந்தால் ஆசை கொஞ்சம் சீக்கிரமே வரும்.

பழையதைக் கழற்றிவிட்டு, அதே ஓட்டையில் பெரிய பிராண்ட் சப்வூஃபரை மாட்டுகிறார்கள். பாட்டைப் போட்டால், முன்பைவிடச் சத்தம் குறைவு! காரணம், ஓம். கம்பெனி சப்வூஃபர் பெரும்பாலும் 2 ஓம் அல்லது அதற்கும் குறைவு. கடையில் வாங்கியது 4 ஓம் என்றால், அதே ஆம்ப்ளிஃபயர் ஏறக்குறைய பாதி சக்தியைத்தான் தரும். மாறாக, 4 ஓம் இருந்த இடத்தில் 2 ஓம் மாட்டினால் ஆம்ப்ளிஃபயர் சூடேறிக் கருகலாம். போதாக்குறைக்கு, வால்யூம் ஏற ஏற பேஸைத் தானாகவே குறைக்கும்படி பல கார்களில் செட் செய்திருப்பார்கள். சின்ன ஸ்பீக்கர் கிழியாமல் இருக்கத்தான்.

ஆக, சப்வூஃபரை மட்டும் மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு. அதற்கேற்ற பெட்டியும் தனி ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்தே வர வேண்டும். அட்டையில் 1,200 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருந்தால் மயங்காதீர்கள். ஓரத்தில் ஆர்.எம்.எஸ். என்று சிறியதாக இருக்கும் எண்தான் நிஜம்.

வயரிங்கில் சிக்கனம் வேண்டவே வேண்டாம். பேட்டரியிலிருந்து கிளம்பும் வயரில், அரை மீட்டருக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். அது இல்லாமல் வயர் எங்காவது உரசித் தேய்ந்து பாடியைத் தொட்டால், கார் தீப்பிடிக்கும். கம்பெனி வயரை வெட்டாமல் கப்ளர் போட்டு இணைக்கச் சொல்லுங்கள். வாரன்ட்டி தகராறு குறையும். பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் பேஸ் காணாமல் போகும். அதைச் சரிசெய்ய ஒரு நிமிடம் போதும், காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

டெல்டாவுக்கென்று ஒரு சங்கதி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டிக்கியில் ஈரம் இறங்கினால், எம்.டி.எஃப். பெட்டி உப்பிவிடும். நல்ல பிளைவுட் பெட்டி கொஞ்சம் தாங்கும்.

இன்னொன்று, சத்தத்தின் அளவு. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பின்சீட்டில் குழந்தை இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். தை மாதத்தில் கும்பகோணம் பக்கம் போனால், பாதி ரோட்டில் நெல் காயும், மீதி ரோட்டில் அறுவடை மெஷின் வரும். அதன் ஹாரன் உங்கள் காதில் விழ வேண்டாமா?

கழற்றிய பழைய சப்வூஃபரைக் கடையிலேயே விட்டுவிடாமல், கேட்டு வாங்கி வாருங்கள். காரை விற்கும்போது தேவைப்படும்.