தனித்த காரணிப்படுத்தல்

தனித்த காரணிப்படுத்தல் என்பது ஒரு வளையத்தின் உறுப்பை மேலும் பிரிக்கவியலாத உறுப்புகளின் பெருக்கமாக ஒரே ஒரு வழியில் மட்டுமே எழுத முடியும் என்ற பண்பாகும். காரணிகளின் வரிசை மாறுவதும், −1 போன்ற அலகுகளால் பெருக்கப்படுவதும் வேறு வழிகளாகக் கருதப்படுவதில்லை. பல்கலைக்கழகப் பாடங்களில் இயற்கணிதமும் எண் கோட்பாடும் சந்திக்கும் முக்கியமான இடங்களுள் இது ஒன்று.

முழு எண்களில்

1-ஐ விடப் பெரிய ஒவ்வொரு முழு எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாக ஒரே வழியில் எழுதலாம். எடுத்துக்காட்டாக, 360 = 2³ × 3² × 5. இதுவே எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம். காஸ் 1801இல் வெளியிட்ட நூலில் இதனைத் தெளிவாகக் கூறி நிறுவினார். பள்ளியிலிருந்தே பழகியதால், நிறுவல் தேவையில்லாத உண்மை போல இது தோன்றும். ஆனால், ஒரு பகா எண் இரு எண்களின் பெருக்கத்தை வகுத்தால் அவற்றுள் ஒன்றையாவது வகுக்கும் என்ற யூக்ளிடின் முடிவு இதற்குத் தேவை. எல்லா வளையங்களிலும் அம்முடிவு பொருந்துவதில்லை.

தனித்தன்மை இல்லாத வளையம்

அ, ஆ முழு எண்கள் எனில், அ + ஆ√−5 வடிவ எண்கள் ஒரு வளையமாக அமைகின்றன. அதில்,

6 = 2 × 3 = (1 + √−5)(1 − √−5)

ஓர் உறுப்பின் நெறிமம் அ² + 5ஆ² ஆகும். பெருக்கத்தின் நெறிமம் நெறிமங்களின் பெருக்கத்திற்குச் சமம். நெறிமம் 1 உடையவை 1, −1 என்ற அலகுகள் மட்டுமே. மேற்கண்ட நான்கு காரணிகளின் நெறிமங்கள் முறையே 4, 9, 6, 6. இவற்றுள் எதையேனும் மேலும் பிரிக்க வேண்டுமானால் நெறிமம் 2 அல்லது 3 உடைய உறுப்பு தேவை. அ² + 5ஆ² இம்மதிப்புகளைப் பெறாது. எனவே நான்கும் பிரிக்கவியலாதவை. 6-க்கு இரு வேறு காரணிப்படுத்தல்கள் உள்ளன. இங்கு 2 ஆனது 6-ஐ வகுக்கிறது. ஆனால் 1 + √−5, 1 − √−5 இரண்டையும் வகுப்பதில்லை.

வரலாறு

1847இல் லாமே, பெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிறுவிவிட்டதாகப் பாரிஸ் அறிவியல் கழகத்தில் அறிவித்தார். அவர் பயன்படுத்திய சிக்கலெண்களில் தனித்த காரணிப்படுத்தல் உண்டா என்று லியூவில் வினவினார். 1-இன் 23ஆம் படி மூலங்களால் அமையும் எண்களில் அது இல்லை என்பதைக் கும்மர் ஏற்கெனவே 1844இல் வெளியிட்டிருந்தார். இக்குறையைச் சரிசெய்யக் கும்மர் 'இலட்சிய எண்களை' உருவாக்கினார். டெடிகிண்ட் 1871இல் அவற்றை ஐடியல் என்னும் கணங்களாக மாற்றியமைத்தார்.

ஐடியல்களின் அளவில் தனித்தன்மை மீண்டும் கிடைக்கிறது. 2 உருவாக்கும் ஐடியல் ப² எனவும், 3 உருவாக்குவது கச எனவும் பகா ஐடியல்களாகப் பிரிகின்றன. 1 + √−5 உருவாக்குவது பக. 1 − √−5 உருவாக்குவது பச. ஆக, 6-இன் இரு காரணிப்படுத்தல்களும் ப²கச என்ற ஒரே பெருக்கத்தின் இரு வேறு தொகுப்புகளே.