கவுன்சிலின் சம்பளத்தில் கவுன்சிலின் கண்காணிப்பாளர்

இங்கிலாந்தில் நீதிமன்ற உத்தரவால் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படும் குழந்தைக்கு உள்ளூர் கவுன்சில்தான் பெற்றோர் இடத்தில் நின்று பொறுப்பேற்கிறது. எந்த வளர்ப்புக் குடும்பத்தில் தங்குவது, எந்தப் பள்ளியில் படிப்பது என்பதையெல்லாம் கவுன்சிலின் சமூகப் பணியாளர்களே திட்டமிடுகிறார்கள். அந்தத் திட்டத்தைச் சரிபார்க்கவென்றே ஒருவர் இருக்கிறார். சுயாதீன மறுஆய்வு அலுவலர் என்று பெயர். 2002ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய பதவி.

குழந்தை பராமரிப்புக்கு வந்த 20 வேலை நாட்களுக்குள் முதல் ஆய்வுக் கூட்டம், அடுத்த மூன்று மாதத்துக்குள் இரண்டாவது, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கூட்டத்துக்கு முன் அலுவலர் குழந்தையிடம் தனியே பேச வேண்டும். குறை இருந்தால் மேலதிகாரிகளிடம் கேள்வி எழுப்பலாம். பலன் இல்லையென்றால், நீதிமன்றத்தில் குழந்தைகளுக்காக நிற்கும் 'காஃப்காஸ்' அமைப்பிடம் கொண்டுபோகலாம்.

ஆனால் இவருக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே கவுன்சில்தான். குழந்தையின் விவகாரத்தைக் கையாளும் பிரிவுக்குக் கீழே அவர் வேலை செய்யக் கூடாது, அவ்வளவுதான் விதி.

இதன் விளைவு 2012இல் லங்காஷயர் வழக்கில் வெளிப்பட்டது. இரண்டு சகோதரர்கள். தத்துக்கொடுக்க வசதியாக, பெற்ற குடும்பத்துடன் அவர்களுக்கிருந்த சட்ட உறவை நீதிமன்றம் 2001இல் துண்டித்தது. தத்தெடுக்க யாரும் வரவில்லை. அந்த உத்தரவை ரத்து செய்யக் கேட்டிருக்கலாம். பத்தாண்டுக்கும் மேலாக யாரும் கேட்கவில்லை. சிறுவர்கள் வீடு மாறிக்கொண்டே இருந்தார்கள், வளர்ப்பு வீடுகளில் கொடுமைக்கும் ஆளானார்கள். ஆய்வுக் கூட்டங்கள் மட்டும் நடந்துகொண்டிருந்தன. சிறுவர்களின் மனித உரிமைகளை கவுன்சிலோடு சேர்ந்து மறுஆய்வு அலுவலரும் மீறியதாக நீதிபதி பீட்டர் ஜாக்சன் அறிவித்தார்.

அலுவலரை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. ஒருவருக்கு 50 முதல் 70 குழந்தைகள் என்பது அரசின் வழிகாட்டி. அவர் தலையில் 200க்கும் மேல். சுதந்திரத்தைப் பறிக்க மிரட்டல் தேவையில்லை, கோப்புகளைக் குவித்தாலே போதும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குழந்தையின் விருப்பத்தை அதன் சார்பில் எடுத்துச் சொல்லும் ஆதரவாளர்களும் உண்டு. அலுவலர் குழந்தைக்கு எது நல்லது என்று பார்ப்பார். ஆதரவாளர் குழந்தை என்ன கேட்கிறது என்பதைச் சொல்வார். பொதுவாக, கேட்டால்தான் அந்த உதவி கிடைக்கும். இங்கிலாந்தின் குழந்தைகள் பராமரிப்பு முறை குறித்து ஜாஷ் மக்காலிஸ்டர் தலைமையில் நடந்த 2022ஆம் ஆண்டு ஆய்வு, மறுஆய்வு அலுவலர் பதவியை எடுத்துவிட்டு, வேண்டாம் என்று குழந்தை சொன்னாலொழிய எல்லோருக்கும் சுயாதீன ஆதரவாளர் தரப் பரிந்துரைத்தது. அதில் இரண்டாவது பாதி மிகச் சரி. முதல் பாதியில் எனக்கு உடன்பாடில்லை: குழந்தையின் பேச்சை எடுத்துச் சொல்ல ஒருவர் வந்துவிட்டார் என்பதற்காக, திட்டத்தைத் தணிக்கை செய்பவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை.