ஆலைக்குள் சைரன் இருக்கிறது... அடிவாரத்து ஊரில்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் விஷயங்களில் ஒன்று, 'அசெம்பிளி பாயின்ட்' எங்கே இருக்கிறது என்பது. சைரன் அடித்தால் கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு அங்கே போய் நிற்க வேண்டும். தலைகளை எண்ணுவார்கள். இதற்கு ஒத்திகையும் உண்டு.

இந்தப் பகுதி சமவெளி. நிலச்சரிவு பயம் கிடையாது. ஆனால், இங்கே ஷிப்ட் பார்ப்பவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். மலையிலோ மலையடிவாரத்திலோ அப்பா, அம்மாவை விட்டுவிட்டு வந்தவர்களும் அவர்களில் உண்டு. அந்த வீடுகளுக்கு அடைமழை நாளில் சைரன் அடிப்பது யார்? அவர்கள் எங்கே போய் நிற்பது?

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையிலிருந்து சரிந்த மண்ணும் பாறையும் வீட்டின் மேல் விழுந்து 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயங்கள் மண்ணில் புதைந்து 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழ்க் குடும்பங்கள். மின்சாரமும் இல்லை, போன் தொடர்பும் இல்லை. மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்கே தெரிந்தது. ஆபத்து நேரத்தில் போன் வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டுதான் ஒரு மலைக்கிராமம் திட்டம் போட வேண்டும்.

மழையை அளக்கும் ஊர்கள்

வயநாட்டில் ஹ்யூம் சூழலியல் மையம் சுமார் 200 இடங்களில் மழைமானிகளை வைத்து, உள்ளூர் மக்களின் உதவியோடு தினமும் மழையை அளக்கிறது. 2020-ல் முண்டக்கையில் அந்தக் கணக்கைப் பார்த்து முன்கூட்டியே மக்களை வெளியேற்றினார்கள். நிலம் சரிந்தது, உயிர்கள் பிழைத்தன. 2024 ஜூலை 29 காலையிலும் மையம் எச்சரித்தது. ஆனால் 30-ம் தேதி அதிகாலை, வீடுகளில் ஆட்கள் இருக்கும்போதே மலை இறங்கி வந்தது. 250 பேருக்கு மேல் பலியானார்கள்.

மழையை அளப்பது பாதி வேலைதான். எவ்வளவு பெய்தால் கிளம்புவது என்று ஊர் கூடி முடிவெடுத்து வைத்திருப்பது மீதிப் பாதி. இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி அமைப்பு இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மி.மீ. பெய்தால் கவனம், 100 மி.மீ. என்றால் தயார்நிலை, 150 மி.மீ. என்றால் வெளியேற்றம். நம் ஊர் மண்ணுக்கும் சரிவுக்கும் எந்த அளவு பொருந்தும் என்பதை அதிகாரிகளிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளலாம்.

அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, பக்கங்கள் நேரான ஒரு உயரமான டின்னை மரமும் கூரையும் இல்லாத இடத்தில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதிவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். 1 செ.மீ. தண்ணீர் என்றால் 10 மி.மீ. மழை. பள்ளிப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள்.

மலை காட்டும் அறிகுறிகள்

தரையிலும் சுவரிலும் புது விரிசல், திடீரென்று மூட மறுக்கும் கதவு, சாய்ந்த மரம், மின்கம்பம், புதிதாகக் கிளம்பும் ஊற்று, கலங்கி வரும் ஓடை... இவையெல்லாம் மலை கொடுக்கும் சைரன்கள். மழை கொட்டும்போது ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைந்தால் நிம்மதி அடையக் கூடாது. மேலே மண் அடைத்து நிற்கலாம். உடனே கிளம்ப வேண்டும். ஓடையை ஒட்டிக் கீழே ஓடாமல், பக்கவாட்டில் விலகி மேடான இடத்துக்குப் போக வேண்டும். சான்றிதழை எடுக்கவோ மாட்டை அவிழ்க்கவோ திரும்பிப் போகவே கூடாது.

மழைக்காலத்துக்கு முன்பே செய்ய வேண்டியவையும் உண்டு. வீட்டுக் கழிவுநீரையும் மழைநீரையும் சரிவுக்குள் இறங்க விடாமல் வாய்க்கால் வெட்டி விட வேண்டும். வீடு பெரிதாக்குவதற்காக மலையைச் செங்குத்தாக வெட்டக் கூடாது.

வடகிழக்குப் பருவமழையும் தீபாவளி லீவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் வருகின்றன. ஊருக்குப் போகும்போது இனிப்புப் பெட்டியோடு மூன்று கேள்விகளையும் எடுத்துச் செல்லுங்கள். மழையை அளப்பது யார்? இரவானாலும் கதவைத் தட்டி எழுப்புவது யார்? எல்லோரும் போய்ச் சேரும் இடம் எது? நடக்க முடியாத பாட்டியை யார் தூக்குவது என்பது வரை பேசிவிடுங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, மாநில எண் 1070. இரண்டையும் அம்மாவின் போனில் மட்டுமல்ல, சமையலறைச் சுவரிலும் பெரிதாக எழுதி வையுங்கள்.