டிரையரின் மூச்சுக்குழாய்

நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீளும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஜொகூரில் கொடியில் போட்ட துணி இரண்டு நாளாகியும் காய்வதில்லை. பத்து பகாட், யோங் பெங் வட்டாரங்கள் 2023 மார்ச்சில் வெள்ளக்காடானதை எண்ணினால், பருவத்தின் கடைசி மாதத்தையும் நம்புவதற்கில்லை என்பது விளங்கும். எனவே தாமான் வீடுகளிலும் கொண்டோக்களிலும் துணி உலர்த்தும் இயந்திரம், அதாவது டிரையர், சலவை இயந்திரத்தின் பக்கத்திலேயே இடம்பிடித்துவிட்டது. ஆயினும் இவ்வீடுகள் வெயிலையும் கொடியையும் நம்பிக் கட்டப்பட்டவை என்பதால், டிரையரின் காற்று வெளியேறுவதற்கென்று சுவரில் துளை விடப்பட்டிருப்பது அரிது.

பிழிந்தெடுத்த ஐந்து கிலோ பருத்தித் துணியில் ஏறத்தாழ மூன்று லிட்டர் நீர் தங்கியிருக்கும். டிரையர் காற்றைச் சூடாக்கித் துணிக்குள் செலுத்தி, அந்த நீரை ஆவியாக்கி வெளியே தள்ளுகிறது. குழாய் இல்லாவிட்டால் அவ்வளவு நீரும் பின்கட்டுச் சுவரிலும் கூரையிலும் படிந்து பூஞ்சை பிடிக்கச் செய்வதோடு, இயந்திரம் தான் விட்ட ஈரக்காற்றையே மீண்டும் இழுப்பதால் உலரும் நேரமும் மின்கட்டணமும் கூடுகின்றன. ஆவியைக் குளிரவைத்து நீராக்கிச் சேர்க்கும் கண்டென்சர் வகைக்கும், வெப்பத்தை மீண்டும் பயன்படுத்தும் ஹீட் பம்ப் வகைக்கும் குழாய் தேவையில்லை. எரிவாயு டிரையருக்கோ அது கட்டாயம். எரிதல் முழுமையாக நிகழாதபோது மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு உண்டாகி, ஆளையே கொன்றுவிடக்கூடும்.

காற்றோடு துணியின் பஞ்சுப் பிசிறும் வெளியேறுகிறது. வடிகட்டி அதில் பெரும்பகுதியைப் பிடித்தாலும் எஞ்சியது குழாய்க்குள் போகிறது. மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் சுருள்குழாயின் மடிப்புகளில் அது ஒட்டிக்கொள்வதால், உட்புறம் வழுவழுப்பான, நான்கு அங்குல விட்டமுள்ள உலோகக் குழாயே ஏற்றது. இணைப்புகளில் திருகாணியின் முனை உள்ளே நீண்டால் பிசிறு அதில் சிக்கும்; ஆகவே அலுமினிய நாடாவால் ஒட்டுவதே முறை. அமெரிக்க வீட்டுக் கட்டட விதி குழாயின் நீளத்தை 35 அடிக்குள் நிறுத்தி, ஒவ்வொரு செங்கோண வளைவுக்கும் ஐந்தடியைக் கழிக்கிறது. உற்பத்தியாளரின் கையேடு வேறு அளவு சொன்னால் அதைப் பின்பற்றுவதே சரி. குழாயின் வாய் கூரையின் உட்பகுதியில் முடியலாகாது.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான தரவுகளை ஆராய்ந்து, ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீ விபத்துகள் டிரையரில் தொடங்கியதாகக் கணக்கிட்டது. சுத்தம் செய்யாமையே அவற்றுள் முன்னணிக் காரணம். ஒவ்வொரு முறையும் வடிகட்டியைத் துடைப்பதும், ஆண்டுக்கொரு முறையாவது குழாயைக் கழற்றித் தூரிகையால் தேய்ப்பதும் அதனால்தான். தமிழர் வீடுகளுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எண்ணெய்க் குளியலுக்குப் பின் தலை துவட்டிய துண்டில் நல்லெண்ணெய் ஊறியிருக்கும், அது துவைத்தாலும் முழுதாகப் போவதில்லை. சூடேறிய அத்தகைய துணி குவியலாகக் கிடந்தால் தானாகவே வெப்பம் மிகுந்து பற்றிக்கொள்ளக்கூடும் என்பதால், தீபாவளித் துண்டுகளுக்குக் கொடியே தகுந்த இடம்.

குழாயின் வெளிவாயில் கம்பிவலை கூடாது, அது பிசிறால் அடைபடும். காற்று வரும்போது மட்டும் திறக்கும் மடல் போதும். டிரையர் ஓடும்போது பின்சந்துக்குப் போய்ப் பார்க்கையில் மடல் முழுதாகத் தூக்கி நின்றால் வழி சீராக உள்ளது. பாதியில் துடித்தால் உள்ளே பிசிறு சேர்ந்திருக்கும், அசையாமலே கிடந்தால் மைனா கூடு கட்டியிருக்கவும் கூடும்.